வேண்டுமென்று செய்யாத கொலைக்கும் கணக்கு உண்டு

எல்லாப் புகழும் உயிரைப் படைத்து, அதற்கு ஒரு தவணையையும் நிர்ணயித்த அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



சில வருடங்களுக்கு முன் ஒருநாள் ஃபஜ்ர் தொழுகை முடிந்து ஜமாஅத் கலைந்த பிறகு ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சரக்கு வேன் ஓட்டுபவர். அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாத அளவுக்கு மட்டும் சொல்கிறேன். ஓர் இரவு அவருடைய வேன் மோதி, சைக்கிளில் வந்த ஒரு முதியவர் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். வழக்கு நடந்தது. போதிய சாட்சி இல்லை என்று இவர் விடுதலையானார். இறந்தவரின் குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸ் மூலம் ஒரு தொகையும் கிடைத்தது.

"ஹஜ்ரத், கோர்ட்டுல விட்டுட்டாங்க. ஆனா மோதின அந்த நேரத்துல என் கண்ணு போன்ல இருந்துச்சு. அது எனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும்தான் தெரியும். நான் கொலைகாரனா?" என்று கேட்டார்.

அவர் அழுததைப் பார்த்து என் மனம் இளகிவிட்டது. "பாய், நீங்க வேணும்னா செஞ்சீங்க? அவருக்கு ஹயாத் அவ்வளவுதான். தவ்பா செய்யுங்க, மறந்துடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்று மாலை குர்ஆன் விளக்க வகுப்புக்காகக் கிதாபைத் திறந்தேன். பாடம் ஸூரா அந்நிஸாவின் 92ம் வசனத்தில் வந்து நின்றிருந்தது. படிக்கப் படிக்க எனக்கு வியர்த்துவிட்டது. காலையில் நான் சொன்னது ஆறுதல்தானே தவிர, மார்க்கச் சட்டம் அல்ல. மறுநாளே அவரைத் தேடிப் போனேன். அவரிடம் என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், ஷரீஅத்தின் பார்வையில் கொலை என்றால் என்ன, போர்க்களத்தில் நடக்கும் மரணங்களை மார்க்கம் எப்படிப் பார்க்கிறது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். அந்த வேன் ஓட்டுநரின் கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் விசாரிக்கப்படும் வழக்கு

நியாயமான உரிமையின்றி எந்த உயிரையும் கொல்லக்கூடாது என்று ஸூரா அல்அன்ஆம் 151லும் அல்இஸ்ரா 33லும் அல்லாஹ் தடுக்கிறான். ஒரு முஃமினை வேண்டுமென்றே கொல்பவனுக்கு நரகம், அல்லாஹ்வின் கோபம், சாபம், பெரும் வேதனை என அந்நிஸா 93ல் எச்சரிக்கைகளை அடுக்குகிறான். அநியாயமாக ஓர் உயிரைக் கொன்றவன் மனிதர்கள் எல்லோரையும் கொன்றவனைப் போன்றவன் என்ற கருத்தை அல்மாஇதா 32ல் காண்கிறோம்.

மறுமையில் அல்லாஹ்வுடைய கடமைகளில் முதலில் தொழுகை விசாரிக்கப்படும். மனிதர்களுக்கிடையிலான வழக்குகளில் முதலில் தீர்க்கப்படுவது இரத்த வழக்கு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. பணத் தகராறு, சொத்துத் தகராறு, மானப் பிரச்சினை எல்லாம் வரிசையில் பின்னால் நிற்கும். இரத்தம் முன்னால் வந்துவிடும்.

கொலையின் வகைகள்

ஆனால் எல்லாக் கொலையும் ஒன்றல்ல. நம் இமாம்கள் நோக்கத்தையும் செயலையும் பார்த்து இதை மூன்றாகப் பிரித்தார்கள்.

முதலாவது, கத்லு அம்த். வேண்டுமென்றே செய்யும் கொலை. நோக்கம் உள்ளத்தில் இருப்பது. நீதிபதி அதை எப்படிக் காண்பார்? பயன்படுத்திய கருவியை வைத்துக் காண்பார். உடலைப் பிளக்கக்கூடிய ஆயுதமாக இருக்க வேண்டும் என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). பொதுவாக உயிரைப் போக்கக்கூடிய எதுவாக இருந்தாலும், பெரிய கல்லாக இருந்தாலும் இந்த வகைதான் என்றார்கள் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும், அபூஹனீஃபாவின் மாணவர்களான அபூயூஸுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும். இதற்குச் சட்டம் கிஸாஸ், அதாவது பழிக்குப் பழி. ஆனால் அல்பகரா 178ல் கிஸாஸைச் சொன்ன அதே மூச்சில் மன்னிப்பையும் நஷ்டஈட்டையும் அல்லாஹ் சொல்லிவிட்டான்.

இரண்டாவது, ஷிப்ஹுல் அம்த். அடிக்கும் நோக்கம் உண்டு, கொல்லும் நோக்கம் இல்லை. ஹுதைல் கோத்திரத்துப் பெண்கள் இருவர் சண்டையிட்டார்கள். ஒருத்தி எறிந்த கல் மற்றவளையும் அவள் வயிற்றில் இருந்த சிசுவையும் கொன்றுவிட்டது. நபி (ஸல்) அவர்கள் கிஸாஸ் விதிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கான தியத்தை எறிந்தவளின் உறவினர்கள் மீது விதித்தார்கள். பிறக்காத சிசுவுக்கும் தனியாக நஷ்டஈடு விதித்தார்கள். தாயின் கணக்கோடு சேர்த்துச் சிசுவை விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது, கத்லு கதஃ. தவறுதலாக நடப்பது. இதையும் நம் ஹனஃபி நூல்கள் இரண்டாகப் பிரிக்கின்றன. மான் என்று எண்ணி அம்பெய்கிறான், அது மனிதனாக இருக்கிறது. எதிரி என்று எண்ணித் தாக்குகிறான், அவர் தன் ஆளாக இருக்கிறார். இது எண்ணத்தில் நடந்த தவறு. மானைத்தான் குறிவைக்கிறான், அம்பு விலகி ஒரு மனிதர்மேல் பாய்கிறது. இது செயலில் நடந்த தவறு. தூக்கத்தில் புரண்டு பக்கத்தில் கிடந்த குழந்தையை நசுக்கிவிடுவதையும் தவறுதலான கொலையின் சட்டத்திலேயே சேர்த்தார்கள். பொதுவழியில் கிணறு தோண்டி மூடாமல் விட்டு, அதில் ஒருவர் விழுந்து இறந்தால், அதைக் காரணமாக அமைந்த கொலை என்று தனியாகப் பேசினார்கள்.

தியத் என்பது அடிப்படையில் 100 ஒட்டகங்கள். தவறுதலான கொலையில் கொன்றவரின் ஆகிலா எனப்படும் உறவினர் கூட்டம் சேர்ந்து 3 ஆண்டுகளில் அதைக் கொடுத்து முடிக்க வேண்டும். கொன்றவர் கொல்லப்பட்டவரின் சொத்தில் பங்கு பெறவும் முடியாது.

ஒரே வசனத்தில் மூன்று சட்டங்கள்

இப்போது அந்நிஸா 92க்கு வருவோம். ஒரு முஃமின் இன்னொரு முஃமினைக் கொல்வது ஆகாது, தவறுதலாக நடந்தாலே தவிர என்று வசனம் தொடங்குகிறது. தவறுதலாக நடந்துவிட்டால் என்ன செய்வது? இறந்தவர் யார் என்பதை வைத்து மூன்று சட்டங்களை அல்லாஹ் சொல்கிறான்.

இறந்தவர் நம் சமூகத்தில் உள்ள முஃமின் என்றால், ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும், குடும்பத்தார் விட்டுக்கொடுத்தாலே தவிர தியத்தும் ஒப்படைக்க வேண்டும். அவர் முஃமின்தான், ஆனால் நம்மோடு போரிடும் பகைக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்றால், அடிமை விடுதலை மட்டும். நம்மோடு உடன்படிக்கை செய்துகொண்ட கூட்டத்தைச் சேர்ந்தவர் என்றால், தியத்தும் உண்டு, அடிமை விடுதலையும் உண்டு. அடிமை கிடைக்காதவர் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும்.

பகைக் கூட்டம், உடன்படிக்கைக் கூட்டம் என்ற இந்தச் சொற்களைப் பாருங்கள். வசனம் பேசுவதே போர் நடக்கும் காலத்தைப் பற்றித்தான். போர்ச் சூழலில் கைத்தவறாகப் போன உயிருக்கும் அல்லாஹ் கணக்கு எழுதுகிறான். போரென்றால் நாலு பேர் சாகத்தான் செய்வார்கள் என்று சொல்லிக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து போக இந்த வசனம் யாரையும் விடவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தச் சட்டங்கள் நபித்தோழர்களின் வாழ்க்கையில் வந்த நிகழ்வுகள் எல்லாவற்றிலும் கேள்விக்குள்ளானவர்கள் யார்? எதிரிகள் அல்ல, நம் ஆட்கள். நபி (ஸல்) அவர்கள் தராசைத் தம் பக்கம்தான் முதலில் வைத்தார்கள்.

உஹதில் கொல்லப்பட்ட தந்தை

ஹிஜ்ரி 3ம் ஆண்டு உஹதுப் போர். ஹுதைஃபா (ரலி) அவர்களின் தந்தை ஹுஸைல் இப்னு ஜாபிர், அல்யமான் என்று அழைக்கப்படுபவர், தள்ளாத முதியவர். அவரையும் ஸாபித் இப்னு வக்ஷ் என்ற இன்னொரு முதியவரையும் பெண்கள், பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்தில் தங்க வைத்திருந்தார்கள். நமக்கு இன்னும் எத்தனை நாள் ஆயுள் இருக்கப்போகிறது என்று பேசிக்கொண்டு இருவரும் வாளை எடுத்துக்கொண்டு களத்துக்கு வந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் களம் குழம்பிக் கிடந்தது. பின்னால் பாருங்கள் என்று இப்லீஸ் கத்த, முன்னணியில் நின்றவர்கள் திரும்பித் தம் பின்னணியோடு மோதிக்கொண்டார்கள். அந்தக் குழப்பத்தில் முஸ்லிம்களின் வாள்களே அல்யமான் மீது விழுந்தன. அவர் என் தந்தை, என் தந்தை என்று ஹுதைஃபா (ரலி) கதறியும் யாருக்கும் கேட்கவில்லை.

ஹுதைஃபா (ரலி) என்ன செய்தார்கள்? அல்லாஹ் உங்களை மன்னிப்பானாக என்று துஆ செய்தார்கள். நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? போர்க் குழப்பம்தானே என்று விடவில்லை. அவருக்குத் தியத் கொடுக்க முன்வந்தார்கள். ஹுதைஃபா (ரலி) அதை முஸ்லிம்களுக்கே தர்மமாக விட்டுக்கொடுத்தார்கள் என்று சீரா நூல்களில் காண்கிறோம். மன்னிப்பது வாரிசின் பெருந்தன்மை. கொடுக்க முன்வருவது பொறுப்பில் இருப்பவரின் கடமை. வாரிசு மன்னிப்பார் என்று நம்பிக் கடமையைத் தள்ளிப்போட முடியாது.

பனூ ஆமிரின் இரண்டு மனிதர்கள்

ஹிஜ்ரி 4ம் ஆண்டு பிஃரு மஊனாவில் குர்ஆனை ஓதிக்கொடுக்கப் போன நபித்தோழர்கள் வஞ்சகமாகக் கொல்லப்பட்டார்கள். அதில் உயிர் தப்பிய அம்ர் இப்னு உமைய்யா (ரலி) மதீனா திரும்பும் வழியில் பனூ ஆமிர் கோத்திரத்தார் இருவரைச் சந்தித்தார்கள். தம் தோழர்களைக் கொன்றதற்குப் பழியாக அவர்களைக் கொன்றுவிட்டார்கள். ஆனால் அந்த இருவரும் நபி (ஸல்) அவர்களிடம் பாதுகாப்பு வாக்குறுதி பெற்றவர்கள். அது அம்ர் (ரலி) அவர்களுக்குத் தெரியாது.

தம் தோழர்களை அவ்வளவு கொடூரமாக இழந்து, ஒரு மாதம் குனூத் ஓதிய நேரம் அது. கண் முன்னே நியாயமான கோபம் இருந்தது. ஆனாலும் முஸ்லிம் அல்லாத அந்த இருவருக்கும் தியத் கொடுக்க வேண்டும் என்றே நபி (ஸல்) அவர்கள் தீர்மானித்தார்கள். அந்தத் தொகையைத் திரட்டத்தான் பனூ நளீர் கூட்டத்தாரிடம் போனார்கள். அந்த இருவருக்கும் முஸ்லிமுக்குரிய தியத் கொடுக்கப்பட்டதாகத் திர்மிதியில் வரும் அறிவிப்பையும் ஹனஃபி இமாம்கள் ஆதாரமாகக் கொள்கிறார்கள். தியத்தின் அளவில் மற்ற மத்ஹபுகளுக்கு வேறு கருத்து உண்டு. ஆனால் கொடுக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

உடன்படிக்கை பெற்ற ஒருவரை அநியாயமாகக் கொன்றவர் 40 ஆண்டு பயணத் தொலைவுக்கு வீசும் சொர்க்கத்தின் வாசனையைக்கூட நுகர மாட்டார் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது.

கலிமாவுக்குப் பின் பாய்ந்த ஈட்டி

உஸாமா இப்னு ஸைத் (ரலி) நபி (ஸல்) அவர்களின் செல்லப்பிள்ளை. ஜுஹைனாவின் ஹுரகா கூட்டத்தார் மீது அனுப்பப்பட்ட படையில் இருந்தார்கள். அவர்களும் ஓர் அன்ஸாரித் தோழரும் எதிரி ஒருவரைத் துரத்திப் பிடித்தபோது அவர் லா இலாஹ இல்லல்லாஹ் என்று சொல்லிவிட்டார். அன்ஸாரி கையை இழுத்துக்கொண்டார். உஸாமா (ரலி) ஈட்டியால் குத்திவிட்டார்கள்.

செய்தி மதீனாவுக்கு வந்தது. அவர் கலிமா சொன்ன பிறகுமா கொன்றீர் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். உயிர் தப்பத்தான் சொன்னார் என்று உஸாமா (ரலி) பதில் சொன்னார்கள். அவருடைய உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இன்றைக்குத்தான் நான் இஸ்லாத்தில் சேர்ந்திருக்கக் கூடாதா என்று உஸாமா (ரலி) ஏங்கும் அளவுக்குக் கேட்டார்கள். புதிதாக இஸ்லாத்தில் சேர்பவருக்கு முந்தைய பாவங்கள் அழிந்துவிடும் அல்லவா, அதற்காகத்தான் அந்த ஏக்கம்.

கிஸாஸ் விதிக்கப்படவில்லை. ஏனெனில் அது வேண்டுமென்று ஒரு முஃமினைக் கொன்றதாகாது, தவறான கணிப்பு. ஆனால் தவறான கணிப்பு என்பதால் அந்தக் கேள்வி இல்லாமல் போய்விடவில்லை. பிற்காலத்தில் முஸ்லிம்களுக்குள் உள்நாட்டுப் போர் மூண்டபோது உஸாமா (ரலி) கலந்துகொள்ளவில்லை. நீங்கள் சிங்கத்தின் வாய்க்குள் இருந்தாலும் உங்களோடு இருக்க விரும்புவேன், இந்த விஷயத்தில் மட்டும் என்னால் முடியாது என்று அலீ (ரலி) அவர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஒரு தவறைத் தவ்பா செய்தவர் அதே வாசலுக்கு மறுபடி போகமாட்டார்.

மேலிடத்து உத்தரவு

ஹிஜ்ரி 8ல் மக்கா வெற்றிக்குப் பிறகு காலித் இப்னுல் வலீத் (ரலி) பனூ ஜதீமா கூட்டத்தாரிடம் அனுப்பப்பட்டார்கள். இஸ்லாத்தை ஏற்றோம் என்று சரியாகச் சொல்லத் தெரியாமல், மதம் மாறிவிட்டோம் என்ற பொருள் தரும் ஸபஃனா என்ற சொல்லை அவர்கள் சொன்னார்கள். காலித் (ரலி) அதை ஏற்காமல் சிலரைக் கொன்றார்கள். மற்றவர்களைச் சிறைபிடித்து, ஆளுக்கொரு கைதியாகக் கொடுத்து, அவரவர் கைதியைக் கொல்லும்படி ஒருநாள் உத்தரவிட்டார்கள்.

அந்தப் படையில் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) இருந்தார்கள். என் கைதியை நான் கொல்லமாட்டேன், என் தோழர்களும் கொல்லமாட்டார்கள் என்று மறுத்துவிட்டார்கள். தளபதி சொன்னார், நான் செய்தேன் என்ற பதில் அல்லாஹ்விடம் செல்லாது என்று விளங்கியிருந்தார்கள்.

விஷயம் நபி (ஸல்) அவர்களிடம் வந்தது. இரு கைகளையும் உயர்த்தி, யா அல்லாஹ், காலித் செய்ததிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன் என்ற கருத்தில் இரண்டு முறை சொன்னார்கள். இது புகாரியில் உள்ளது. பிறகு அலீ (ரலி) அவர்களிடம் பொருள் கொடுத்து அனுப்பினார்கள் என்று இப்னு ஹிஷாமின் சீராவில் வருகிறது. அலீ (ரலி) ஒவ்வோர் உயிருக்கும் தியத் கொடுத்தார்கள். உடைந்த பொருள்களுக்கும் கொடுத்தார்கள். நாய் தண்ணீர் குடிக்கும் பாத்திரத்துக்குக்கூட விலை கொடுத்தார்கள். அப்படியும் பணம் மிஞ்சியது. யாருக்கும் தெரியாமல் விடுபட்டுப் போனது ஏதும் இருக்குமோ என்ற பேணுதலில் மிச்சத்தையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டு வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைப் பாராட்டினார்கள்.

சகோதரர்களே! காலித் (ரலி) மாபெரும் ஸஹாபி. அவர்களைப் பற்றித் தவறாகப் பேச நமக்கு நாக்கு இல்லை. அவர்கள் செய்தது இஜ்திஹாதில் நேர்ந்த தவறு என்பதே நம் உலமாக்களின் முடிவு. ஆனாலும் நபி (ஸல்) அவர்கள் தம் தளபதி என்பதற்காக மூடி மறைக்கவில்லை. அல்லாஹ்விடம் விலகல் அறிவித்தார்கள். பாதிக்கப்பட்டவர்களிடம் ஈடு கொடுத்தார்கள். இன்று உலகத்தில் எத்தனை அரசுகள் குண்டு வீசிய பிறகு அந்த ஊருக்குப் போய் உடைந்த பாத்திரத்துக்கு விலை கேட்கின்றன? நம்மில் எத்தனை பேர், நம் ஆட்கள் செய்தார்கள் என்றால் நியாயம் தேடாமல் இருக்கிறோம்?

போரிடாதவரைக் கொல்லக்கூடாது

ஒரு போரில் பெண் ஒருத்தி கொல்லப்பட்டுக் கிடந்ததைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதைத் தடை செய்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். அபூதாவூதில் வரும் ரபாஹ் (ரலி) அவர்களின் அறிவிப்பில், இவள் போரிடுபவள் இல்லையே என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கேட்டதாகவும், பெண்ணையும் கூலியாளையும் கொல்ல வேண்டாம் என்று முன்னணியில் இருந்த காலித் (ரலி) அவர்களுக்கு ஆள் அனுப்பியதாகவும் வருகிறது. சட்டத்தின் காரணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கொல்லப்படுபவர் போரிடுகிறாரா, இல்லையா என்பதுதான் அளவுகோல். கூலியாள் எதிரியின் சம்பளத்தில்தான் வேலை செய்கிறான். ஆனாலும் அவன் கையில் ஆயுதம் இல்லை.

முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) யஸீத் இப்னு அபீஸுஃப்யான் (ரலி) அவர்களை ஷாமுக்கு அனுப்பும்போது பத்து உபதேசங்கள் செய்ததாக முவத்தாவில் இருக்கிறது. பெண், குழந்தை, முதியவர் ஆகியோரைக் கொல்லாதே, காய்க்கும் மரத்தை வெட்டாதே, குடியிருப்பைப் பாழாக்காதே, உண்பதற்கன்றி ஆட்டையும் ஒட்டகத்தையும் அறுக்காதே என்பவை அவற்றில் சில. வணக்கத்தில் தனித்திருக்கும் துறவிகளை அவர்கள் போக்கில் விட்டுவிடும்படியும் சொன்னார்கள். 1949ம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளும் 1977ம் ஆண்டின் கூடுதல் நெறிமுறையும் போரிடாத பொதுமக்களைப் பாதுகாக்கும் விதிகளை உலக நாடுகளுக்கு எழுதி வைத்தன. ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்று அல்மாஇதா முதல் வசனம் கட்டளையிடுவதால், அவற்றில் கையெழுத்திட்ட முஸ்லிம் நாடுகளுக்கு அது மார்க்கக் கடமையாகவும் ஆகிவிடுகிறது.

இரவுத் தாக்குதலும் மனிதக் கேடயமும்

இங்கே சிலர் ஒரு ஹதீஸைக் கொண்டுவருவார்கள். இரவில் தாக்கும்போது எதிரிகளின் பெண்களும் பிள்ளைகளும் பாதிக்கப்படுவதைப் பற்றி ஸஅப் இப்னு ஜஸ்ஸாமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில், அவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களே என்று பதில் வருகிறது. இது புகாரியில் இருக்கும் ஹதீஸ்தான். மறைக்கத் தேவையில்லை. ஆனால் இருட்டில் பிரித்தறிய முடியாமல், குறிவைக்கப்படாமல் அடிபடுபவரைப் பற்றியது இது; அவர்களைக் குறிவைக்க அனுமதி அல்ல என்று உலமாக்கள் விளக்கினார்கள். இந்த ஹதீஸின் அறிவிப்பாளர்களில் ஒருவரான இமாம் ஸுஹ்ரி (ரஹ்), இதற்குப் பிறகு பெண்களையும் குழந்தைகளையும் கொல்வது தடுக்கப்பட்டது என்றும் சொல்லியிருப்பது அபூதாவூதில் இருக்கிறது. பாதி ஹதீஸை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுவது இல்முடைய வழி அல்ல.

எதிரி அப்பாவிகளைக் கேடயமாக முன்னால் நிறுத்தினால் என்ன செய்வது என்றும் ஃபுகஹாக்கள் பேசியிருக்கிறார்கள். ஹிஜ்ரி 505ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் அல்முஸ்தஸ்ஃபாவில் இதற்குக் கடுமையான மூன்று நிபந்தனைகள் வைத்தார்கள். வேறு வழியே இல்லாத நிர்ப்பந்தமாக இருக்க வேண்டும். ஊகமாக இல்லாமல் உறுதியாக இருக்க வேண்டும். சிலருக்கல்ல, சமூகம் முழுவதற்கும் அழிவு வரும் நிலையாக இருக்க வேண்டும். ஒரு கோட்டையைப் பிடிப்பதற்காகக்கூட அப்படிச் செய்ய முடியாது என்று அவர்களே விளக்கினார்கள். சந்தையிலும் பேருந்திலும் வணக்கத்தலத்திலும் குண்டு வைப்பவன் இந்தச் சட்டத்தின் நிழலில் ஒதுங்க முடியாது. அங்கே கேடயமும் இல்லை, நிர்ப்பந்தமும் இல்லை. அது வேண்டுமென்றே செய்யும் கொலை.

சட்டம் யார் கையில்?

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு வாலிபர், அப்படியானால் கொலைகாரனை நாமே கொல்லலாமா என்று கேட்கக்கூடாது. கொல்லப்பட்டவரின் வாரிசுக்கு உரிமை கொடுத்த அல்இஸ்ரா 33, கொல்வதில் வரம்பு மீற வேண்டாம் என்றும் உடனே சேர்க்கிறது. கிஸாஸ் என்பது விசாரணை, சாட்சி, தீர்ப்பு ஆகியவற்றுக்குப் பிறகு ஆட்சியாளர் நிறைவேற்றுவது. தனிமனிதன் எடுத்தால் அது இன்னொரு கொலை. நம் நாட்டில் இந்தக் குற்றங்களை 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற சட்டத்தின்படி நீதிமன்றம் விசாரிக்கிறது. கொலைக்கும் கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கும் அதிலும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. புகார் கொடுப்பதும், உண்மைச் சாட்சி சொல்வதும், தீர்ப்புக்குக் கட்டுப்படுவதும் நம் பொறுப்பு. ஆனால் கஃப்பாரா என்பது அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையில் உள்ள கடன். அதை எந்த நீதிமன்றமும் வசூலிக்காது, தள்ளுபடியும் செய்யாது.

வேன் ஓட்டுநரின் கணக்கு

மறுநாள் அவரிடம் போய், நேற்று நான் சொன்னது தவறு, என்னை மன்னித்துவிடுங்கள் என்று முதலில் சொன்னேன். பிறகு சட்டத்தைச் சொன்னேன்.

வேண்டுமென்று செய்யாததால் நீங்கள் கொலைகாரர் அல்ல. ஆனால் வண்டி உங்கள் கையில் இருந்தது; கவனம் உங்களுடையது; அது போனில் இருந்தது. 1993ல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வாகன விபத்துகளுக்கும் ஷரீஅத்தின் குற்றவியல் சட்டங்கள் பொருந்தும், அவை பெரும்பாலும் கதஃ வகையே என்று முடிவு செய்திருக்கிறது. ஓட்டுநரால் தடுக்கவே முடியாதபடி நேர்ந்திருந்தால் அவர்மேல் பொறுப்பில்லை. உங்கள் நிலை அதுவல்ல என்று நீங்களே சொல்கிறீர்கள். ஆகவே இரண்டு கடன் உங்கள்மேல் இருக்கிறது. அல்லாஹ்வுக்கு இரண்டு மாத நோன்பு, இறந்தவரின் வாரிசுகளுக்குத் தியத்.

அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "இறந்தவர் நம்மவர் இல்லையே ஹஜ்ரத், அதுக்கும் நோன்பு உண்டா?" என்று கேட்டார். வசனத்தின் மூன்றாவது சட்டத்தைச் சொன்னேன். நம்மோடு ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின் கீழ், ஒருவர் உயிருக்கு ஒருவர் பொறுப்பு என்ற உடன்பாட்டில் வாழ்பவர் அவர். ஹனஃபி, ஷாஃபிஈ இமாம்கள் உட்படப் பெரும்பாலானவர்களின் விளக்கத்தில் அப்படிப்பட்டவருக்கும் தியத் உண்டு, கஃப்பாராவும் உண்டு. அடிமைமுறை இன்று இல்லாததால் நோன்புதான் வழி. ளிஹாருடைய கஃப்பாராவில் 60 ஏழைகளுக்கு உணவளிக்கும் வழி இருக்கிறது. இங்கே அந்த வழி வசனத்தில் சொல்லப்படவில்லை. இடையில் காரணமின்றி ஒருநாள் விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அவர் முஹர்ரம் பிறையில் தொடங்கி ஸஃபர் முடியும் வரை நோற்றார். வெயிலில் சரக்கு ஏற்றி இறக்கிக்கொண்டே நோற்றார். அந்த நாட்களில் ஒருமுறை நானும் இன்னொரு பெரியவரும் அவரோடு அந்த முதியவரின் வீட்டுக்குப் போனோம். அவர் போனைப் பற்றிய உண்மையைச் சொன்னார். மூத்த மகன் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "இதைச் சொல்ல உங்களுக்கு இத்தனை வருஷமா?" என்று மட்டும் கேட்டார். அவர் தலை குனிந்தே இருந்தார்.

இன்ஷூரன்ஸ் தொகை தியத்தாகக் கணக்காகுமா என்பதில் இக்கால உலமாக்களிடம் இரு கருத்து உண்டு. எதுவானாலும் வாரிசுகள் மனமொப்பி விட்டுக்கொடுத்தால் அந்தக் கடன் தீர்ந்துவிடும். அந்தக் குடும்பத்தார் அவரிடம் பணம் கேட்கவில்லை. இவர்தான் வற்புறுத்தி, முதியவரின் பேத்தியின் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்ள அனுமதி வாங்கினார். இன்றுவரை கொடுத்து வருகிறார். வண்டியில் ஏறினால் போனை அணைத்து இருக்கைக்கு அடியில் போட்டுவிடுகிறார்.

அன்புச் சகோதரர்களே! வேண்டுமென்று செய்யவில்லை என்ற சொல் பழியைக் குறைக்கும், பொறுப்பைப் போக்காது. போர் என்ற சொல்லும் அப்படித்தான். உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பழைய கணக்கு நெஞ்சில் கிடந்தால் மறந்துவிட முயலாதீர்கள். தகுந்த ஆலிமிடம் வந்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். 99 பேரைக் கொன்றவனுக்கும் தவ்பாவின் வாசல் திறந்தே இருந்தது என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். திறந்த வாசலுக்கு நடந்து போக வேண்டியது நாம்தான்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் கைகளையும் நாவுகளையும் பிறர் இரத்தத்திலிருந்து பாதுகாப்பானாக! அநியாயமாகக் கொல்லப்படும் அப்பாவிகளுக்கு உதவுவானாக! தெரிந்தும் தெரியாமலும் நாம் செய்த பிழைகளைப் பொறுத்து, மனிதர்களின் கடனைத் தீர்த்த நிலையில் தன்னைச் சந்திக்கும் பாக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.